நள்ளிரவில் ஏறும் விருந்தினர் எண்ணிக்கை: நம் ஆவணத்தளத்துக்கு வருபவர்கள் யார்?

வாசகர் வினா, 2025 ஒக்டோபர் 4

அண்ணா, நேற்றிரவு பதினொரு மணிபோல் தளத்தைத் திறந்தபோது முகப்பின் அடியில் "இப்போது பார்வையிடும் விருந்தினர்: 2,314" என்று இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் பத்தோ பதினைந்தோதான் காட்டும். திருகோணமலையின் பழைய நூலான கோணேசர் கல்வெட்டையும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய பழைய செய்தித் துணுக்குகளையும் உலகம் தேடி வரத் தொடங்கிவிட்டது என்றே நான் கொள்கிறேன். நம்மவர்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்படலாமா? ஏன் இப்படித் திடீரென்று ஏறியது? — உவர்மலை வாசகர்

2025 ஒக்டோபர் 4, இரவு

தம்பி, நம்மவர்களிடம் சொல்வதற்கு முன் சில நாள் பொறுங்கள். உங்கள் மகிழ்ச்சி எனக்கும் விருப்பமானதே. ஆயினும் இரண்டாயிரம் பேர் வந்து போன இரவுக்குப் பின் ஒரு கடிதமோ, ஒரு திருத்தமோ, "என் பாட்டனாரின் படம் இதில் இருக்கிறது" என்ற ஒரு செய்தியோ வராதது எனக்கு உறுத்துகிறது. பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2025 ஒக்டோபர் 6

நம் தளம் இயங்கும் கணினியான வழங்கியின் வருகைப் பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கோரிக்கை. கேட்டவரின் ஐபி முகவரி (அவருடைய இணைப்பைக் குறிக்கும் எண்), நேரம், கேட்ட பக்கம், நாம் கொடுத்த விடையின் நிலை எண், அனுப்பிய பைற்றுகள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு, தம்மை எந்த உலாவி என்று சொல்லிக்கொண்டார் என்ற குறிப்பு ஆகியவை அந்த வரியில் இருக்கும். மனிதர் ஒருவர் நம் பக்கமொன்றைத் திறந்தால் அங்கே ஒரு வரி மட்டும் விழுவதில்லை. பக்கத்தின் வடிவமைப்புக் கோப்பு, தமிழ் எழுத்துரு, படங்கள் என்று பல வரிகள் ஒரே முகவரியிலிருந்து ஓரிரு விநாடிக்குள் விழும்; பிறகு சில நிமிடங்களுக்கு அந்த முகவரியிலிருந்து ஒன்றும் வராது, ஏனென்றால் அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒக்டோபர் 3 இரவின் வரிகளில் பெரும்பாலானவற்றோடு அந்தத் துணைக்கோப்புகள் எவையும் இல்லை. ஒரு முகவரி ஒரு பக்கத்தின் எழுத்தை மட்டும் எடுத்துச் செல்கிறது. அதே விநாடியில் வேறொரு முகவரி, அதனோடு தொடர்பே இல்லாத இன்னொரு பக்கத்தை எடுக்கிறது. எங்கிருந்து வந்தார் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. உலாவிக் குறிப்பில் குரோம் என்று எழுதியிருந்தாலும், பதிப்பு எண்கள் பல ஆண்டுகளுக்கு முந்தியவை. குரோம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உலாவியாகையால், ஒரே இரவில் இத்தனை பேர் பழைய பதிப்போடு வந்திருக்க முடியாது.

அவை கேட்ட பக்கங்கள்தாம் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. கோணேசர் கல்வெட்டையோ சீனக்குடாவையோ நாடி எவரும் வரவில்லை. ஆவணப் பட்டியலை ஆண்டு வாரியாக, ஊர் வாரியாக, ஏறுவரிசையில், இறங்குவரிசையில் அடுக்கிக் காட்டும் பக்கங்களையே பெரும்பகுதி வரிகள் கேட்கின்றன. தம்பலகாமம் என்ற வடிகட்டியோடு, இறங்குவரிசையில், அச்சு வடிவத்தில் பட்டியலின் நாற்பதாவது பக்கத்தை எந்த மனிதரும் கேட்கமாட்டார். ஆகவே வந்தவர்கள் வாசகர்கள் அல்லர் என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். தாமாகவே பக்கங்களை எடுத்துச் செல்லும் தானியங்கி நிரல்களே வந்திருக்கின்றன; எவை என்பது அடுத்த கேள்வி.

2025 ஒக்டோபர் 7

"அப்படியென்றால் 2,314 என்ற எண் பொய்யா?" என்று உவர்மலைத் தம்பி தொலைபேசியில் கேட்டார். எண் பொய்யில்லை; அது எண்ணும் பொருள்தான் வேறு. நம் மென்பொருள் ஒருவரை அடையாளம் காண்பது குக்கி எனப்படும் சிறு குறிப்பைக் கொண்டுதான். முதற் பக்கத்தில் அதைக் கொடுக்கிறோம், அடுத்த பக்கத்தில் உலாவி அதைத் திருப்பிக் காட்டுகிறது, "அதே ஆள்" என்று மென்பொருள் கொள்கிறது. இந்தத் தானியங்கிகள் குக்கியை வாங்கி வைப்பதில்லை. எனவே ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் வாசலுக்குத் திரும்பிப்போய் வருகைப் புத்தகத்தில் புதிதாகக் கையெழுத்து வைக்கும் ஒருவரைப் போல, ஒரே நிரல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு விருந்தினராகப் பதிவாகிறது.

"இப்போது" என்ற சொல்லுக்கும் ஒரு கால அளவு உண்டு. சில மென்பொருள்கள் கடந்த ஐந்து நிமிடங்களில் வந்தவர்களையும், சில பதினைந்து நிமிடங்களில் வந்தவர்களையும் எண்ணுகின்றன. நம்முடையது பதினைந்து நிமிடம். விநாடிக்கு இரண்டு மூன்று கோரிக்கைகள் அனுப்பும் ஒரே ஒரு நிரல் பதினைந்து நிமிடத்தில் இரண்டாயிரம் விருந்தினராகிவிடும். அந்த எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

2025 ஒக்டோபர் 12

எந்த நாடு என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். முகவரிகளை நாடு வாரியாகப் பிரித்தால் முதலிடத்தில் நிற்பது சிங்கப்பூர். நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. இவ்வாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளின் தள நிர்வாகிகள் வருகையை எண்ணித்தரும் தங்கள் கூகுள் அனலிட்டிக்ஸ் கணக்கில் சிங்கப்பூரிலிருந்தும் சீனாவின் லான்சோ நகரிலிருந்தும் திடீரென்று பெருந்தொகை வருகை பதிவாவதாக எழுதி வருகிறார்கள். ஒரு விநாடிகூடப் பக்கத்தில் நிற்காத வருகைகள் அவை.

"சிங்கப்பூரை முழுதாக மூடிவிடுங்கள், தொல்லை தீரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள நாடு அது. நம் பகுதியிலிருந்து தொழிலுக்கும் படிப்புக்கும் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ஆவணங்களை எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தித் தருபவர்களில் ஒருவர் அங்கேதான் இருக்கிறார். தரவு மையங்கள் நெருக்கமாக அமைந்த ஊர் என்பதால் தானியங்கிகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. நாட்டின் பெயரால் கதவை மூடினால் தானியங்கி வேறு நாட்டு முகவரிக்கு மாறிக்கொள்ளும். மாற முடியாமல் வெளியே நிற்பவர் நம் வாசகராகத்தான் இருப்பார்.

இணையத்தில் ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. வீட்டு இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் எண் வேறு, வாடகைக் கணினிகளை வைத்திருக்கும் தரவு மையத்தின் எண் வேறு. வீட்டிலிருந்து வாசிப்பவர் தரவு மையத்து முகவரியில் வரமாட்டார். ஆகவே நாட்டைப் பாராமல் அந்த எண்ணைப் பார்த்துத் தடுப்பதே நேர்மையான வழி என்று எண்ணுகிறேன்.

2025 ஒக்டோபர் 13

நேற்று எழுதிய கடைசி வாக்கியங்களோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் போராட்டங்களின்போதும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. அந்த நாட்களில் தம் இணைப்பை வேறோரிடத்துக் கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலியை நம்மவர் பலர் கைத்தொலைபேசியில் நிறுவினார்கள். சிலர் இன்றும் அதை அணைப்பதில்லை. விபிஎன் வழியாக வருபவர் தரவு மையத்து முகவரியோடுதான் வருவார். ஆகவே அந்த முகவரிகளை முற்றாக மறிக்காமல், ஒரு முகவரி எவ்வளவு வேகமாகக் கேட்கலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்தப் போகிறேன்.

2025 ஒக்டோபர் 19

இனி, யார் இவர்கள் என்பதற்கு வருகிறேன். தம்மைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு வரும் தானியங்கிகள் ஒரு வகை. கூகுள்பொட், பிங்பொட் ஆகியவை தேடுபொறிகளுக்காக வருபவை. இவை இல்லாவிட்டால் "கன்னியா வெந்நீரூற்று" என்று தேடுபவருக்கு நம் பக்கம் கிடைக்காது. 2007 இல் தொடங்கிய கொமன் குரோல் என்ற அமைப்பின் சிசிபொட் இணையத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காகப் படியெடுக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஓகஸ்டில் அறிவித்த ஜிபிடிபொட், அந்த்ரோபிக்கின் குளோட்பொட், பைட்டான்ஸின் பைட்ஸ்பைடர், மெற்றாவின் தானியங்கி முதலியவை செயற்கை நுண்ணறிவுக்கு எழுத்துத் திரட்டுபவை. பேஸ்புக்கில் நம் இணைப்பை ஒருவர் பகிர்ந்தால் முன்னோட்டப் படம் எடுக்க வரும் நிரல் வேறு. அது பத்துத் தடவை வந்தாலும் வரவேற்கத் தக்கது, அதன் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார்.

பெயரைச் சொல்வதனால் மட்டும் நம்பிவிட முடியாது. கூகுள்பொட் என்று சொல்லிக்கொண்டு வந்த முகவரி எந்தப் பெயருக்குரியது என்று இணையத்தின் பெயர்ப் பதிவில் தேடினால் கூகுளுக்குரிய பெயர் வரவேண்டும். அந்தப் பெயரைத் திரும்பத் தேடினால் அதே முகவரி வரவேண்டும். நம் பதிவேட்டில் இருந்த சில "கூகுள்பொட்டுகள்" இந்தச் சோதனையில் நிற்கவில்லை.

இவர்களுக்கென்று தளத்தின் வாசலில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பு பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். 1994 இல் மார்ட்டைன் கொஸ்டர் முன்மொழிந்த ஏற்பாடு அது. 2022 இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான தரமாக எழுதப்பட்டது. "இந்தப் பக்கங்களுக்கு வராதீர்கள்" என்று அதில் எழுதலாம். அதற்குக் கீழ்ப்படிவது வருபவரின் விருப்பம். அந்தத் தரமே அதை அனுமதிப் பூட்டாகக் கொள்ளக் கூடாது என்று சொல்கிறது. பெயர் சொல்லி வந்தவர்களில் பலர் நம் கோப்பை முதலில் வாசித்ததற்குப் பதிவு இருக்கிறது. ஒக்டோபர் 3 இரவில் வந்த பழைய குரோம் கூட்டம் அதை ஒரு தடவையேனும் கேட்கவில்லை.

உலகெங்கும் இதே கதைதான். ரீட் த டொக்ஸ் என்ற மென்பொருள் ஆவணத் தளத்திலிருந்து 2024 மே மாதத்தில் ஒரே தானியங்கி 73 டெராபைற்றுகளைப் பதிவிறக்கியது. தரவை அனுப்பிய செலவு மட்டும் 5,000 டொலருக்கு மேல். நம்மைப் போன்ற ஆவணக் காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் பற்றிக் கிளாம்-ஈ லாப் என்ற ஆய்வுக் குழு 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. பதிலளித்த 43 நிறுவனங்களில் 39 அண்மையில் வருகை ஏறியதாகக் கூறின. அவற்றிற் பல, வழங்கி விழும் வரைக்கும் அதைக் கவனித்திருக்கவில்லை.

2025 ஒக்டோபர் 27

பதிவேட்டில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது சென்ற வாரம்தான் தெளிவாகத் தெரிந்தது. பிரேசில், வியட்நாம் என்று பல நாடுகளின் சாதாரண வீட்டு இணைப்புகளிலிருந்து, முகவரிக்கு ஒன்றோ இரண்டோ கோரிக்கைகள் மட்டும் வருகின்றன. அதன்பின் அந்த முகவரி திரும்புவதில்லை. வேகக் கட்டுப்பாடு இவற்றைத் தொடவே தொடாது, ஏனெனில் எந்த ஒரு முகவரியும் வேகமாக வரவில்லை.

வீட்டு முகவரிகளை வாடகைக்கு விடும் தொழிலொன்று இருக்கிறது. இலவசச் செயலிகளுக்குள் பதிந்து வரும் துணைநிரல்கள் வழியாகவும், மலிவான அண்ட்ரொயிட் டிவி பெட்டிகள் வழியாகவும், உரிமையாளர் அறியாமலே அவருடைய இணைப்பைப் பிறர் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பேட்பொக்ஸ் 2.0 என்ற வலையமைப்பைப் பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில், சான்றளிக்கப்படாத ஒரு கோடிக்கு மேற்பட்ட அண்ட்ரொயிட் கருவிகள் அதில் சிக்கியிருப்பதாகக் கூறப்பட்டது. ஹனோயில் ஒரு குடும்பம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்களுடைய பெட்டி நம் தளத்தில் வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் குடும்பத்தின் மேல் குற்றமில்லை.

இதை எழுதும்போது எனக்கு எழுந்த கவலை வேறு. பெயர் தெரியாத அந்தப் பெட்டிகளை நம் ஊரிலும் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு சிறு நூலகத்தின் பதிவேட்டில் "இலங்கை" என்று விழும் வரிகளுக்கு நம் வீட்டுப் பெட்டியொன்று காரணமாயிருக்கலாம். சான்றில்லாத பெட்டியை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களானால், பார்க்காத நேரத்தில் திசைமாற்றியிலிருந்து (ரவுட்டர்) அதைக் கழற்றி வையுங்கள். கட்டணமில்லாமல் எல்லா அலைவரிசையும் காட்டும் செயலிகளை முதலில் நீக்குங்கள்.

2025 நவம்பர் 9

"வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, எழுத்துத்தானே, என்ன செலவு?" என்று நிலாவெளியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நம் தளத்தில் உள்ள ஆவணங்கள் சில ஆயிரம். ஒவ்வொன்றையும் ஒருமுறை எடுத்துச் சென்றால் எவருக்கும் தொல்லையில்லை. ஆனால் பட்டியல் பக்கங்களில் ஊர், ஆண்டு, ஆவண வகை, வரிசை, பக்க நீளம், அச்சு வடிவம் என்று தெரிவுகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பெருகும்போது பல இலட்சம் பக்க முகவரிகள் பிறக்கின்றன. மனிதர் அவற்றில் தமக்கு வேண்டிய இரண்டைத் தொடுவார். தானியங்கி கண்ட இணைப்பையெல்லாம் தொடும். அதே ஆவணங்களின் அதே பெயர்கள்தாம் வெவ்வேறு வரிசையில் அதற்குக் கிடைக்கின்றன, நம் தரவுத்தளமோ ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடி அடுக்க வேண்டியிருக்கிறது.

விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் எழுதியது இதை நன்கு விளக்குகிறது. அவர்களுடைய பக்கப் பார்வைகளில் ஏறத்தாழ 35 சதவீதமே தானியங்கிகளுடையது. ஆனால் அதிகச் செலவு பிடிக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் அவற்றினுடையது. மனிதர்கள் ஒரே காலத்தில் ஒரே விதமான பக்கங்களை நாடுவதால் அவற்றின் படி அருகிலுள்ள வழங்கியில் தயாராக இருக்கும். தானியங்கிகள் எவரும் தொடாத மூலைப் பக்கங்களைக் கேட்பதால் ஒவ்வொன்றையும் மைய வழங்கியிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை சிறிதாக இருந்தும் சுமை பெரிதாவது இதனாலேயே.

ஆகவே பட்டியல் பக்கங்களில் தெரிவுகளைக் குறைக்கிறேன். அச்சு வடிவத்தை நீக்குகிறேன். ஆவணப் பக்கங்களைத் தரவுத்தளத்தைத் தொடாத நிலையான கோப்புகளாக மாற்றி வைக்கிறேன். ஆட்கள் குறைவு, எல்லோரும் வேலைக்குப் போய்வந்து செய்பவர்கள், ஆகவே சிறிது காலம் பிடிக்கும்.

முகவரிக்கு இத்தனை கோரிக்கை என்ற வரம்பைக் கடுமையாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கைத்தொலைபேசி வலையமைப்புகளில் பெருந்தொகையான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டு வெளியே வருகிறார்கள். கிண்ணியாவில் ஒரு பாடசாலை மாணவர் தொகுதி தத்தம் தொலைபேசியில் ஒரே பாடவேளையில் நம் ஆவணமொன்றைத் திறந்தால், பதிவேட்டில் அவர்கள் ஒரே ஆளாகத் தெரியக்கூடும். வரம்பு கடுமையானால் முதலில் அடிபடுவது அவர்கள்.

2025 டிசம்பர் 7

மின்சாரமும் இணைப்பும் சீரானபின் எழுதுகிறேன். டித்வா புயல் நவம்பர் 28 இல் கிழக்குக் கரையை அடைந்தது எல்லோருக்கும் தெரியும். மகாவலிப் பெருக்கு மூதூர், வெருகல் பக்கத்தை என்ன செய்தது என்பதை இங்கே வாசிப்பவர்களில் பலர் நேரிற் கண்டவர்கள். நம்மவர் ஒவ்வொருவரும் நலமா என்று முதலில் எழுதுங்கள், மற்றவை பிறகு.

பதிவேட்டை நேற்றுத்தான் பார்க்க முடிந்தது. நவம்பர் 27 மாலையிலிருந்து வருகை செங்குத்தாக ஏறியிருக்கிறது. இம்முறை வந்தவர்கள் மனிதர்கள், ஏறக்குறைய எல்லோரும் மூன்றே பக்கங்களுக்கு வந்திருக்கிறார்கள்: 1957 டிசம்பர்ப் பெருவெள்ளம், 1964 டிசம்பர் 22 இல் நம் வடகிழக்கைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி. அக்காலத்தில் எந்தக் கிராமம்வரை நீர் வந்தது, மக்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று முதியவர்கள் சொல்லி நாம் எழுதிவைத்த குறிப்புகள் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. ரொறன்ரோ, இலண்டன், மெல்பேண் நேரங்களுக்கு ஏற்பவும் நம் ஊர் நேரத்துக்கு ஏற்பவும் அலை ஏறி இறங்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் படங்களையும் எழுத்துருவையும் இறக்கியிருக்கிறார்கள், நெடுநேரம் நின்றிருக்கிறார்கள்.

அதே இரவுகளில் தானியங்கிகளும் ஓயவில்லை. பட்டியல் பக்கங்களைக் குறைக்கும் வேலை பாதியில் இருந்தது. நவம்பர் 29 முற்பகலில் பல மணி நேரம், வள வரம்பு கடந்துவிட்டது என்ற 508 எண்ணோடு வெறும் பக்கமே வாசகர்களுக்குப் போயிருக்கிறது. யாரோ ஒருவர், எங்கே நீர் ஏறும் என்று அறியவே போலும், அந்தப் பழைய குறிப்பை ஐந்தாறு தடவை திறக்க முயன்று விட்டுவிட்டதைப் பதிவேட்டு வரிகளில் காண்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வழங்கியைப் பிடித்து வைத்திருந்தது பட்டியலின் இறங்குவரிசைப் பக்கங்களைக் கேட்ட நிரல்கள். இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் என்று இனி எவரும் என்னிடம் சொல்லக் கூடாது.

2025 டிசம்பர் 8

நேற்றைய குறிப்போடு ஒன்று. எங்கிருந்து வந்தார் என்ற இடம் வெறுமையாக இருப்பதை ஒக்டோபரில் ஓர் அடையாளமாகச் சொன்னேன். புயல் நாட்களின் மனித வருகையிலும் பெரும்பகுதிக்கு அந்த இடம் வெறுமையே, ஏனெனில் வட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு நுழைபவர் அந்தக் குறிப்பைக் கொண்டுவருவதில்லை. ஆகவே அந்த ஓர் அடையாளத்தைக் கொண்டு எவரையும் தடுக்கக் கூடாது. துணைக்கோப்புகள் இறங்கினவா, இரவில் தணிந்ததா, சில பக்கங்களில் குவிந்ததா என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2025 டிசம்பர் 21

நிலையான கோப்புகளாக மாற்றும் வேலை முடிந்தது. ஆவணப் பக்கமெதுவும் இப்போது தரவுத்தளத்தைத் தொடுவதில்லை.

அநூபிஸ் என்ற நிரலை வைக்கலாமா என்று இருவர் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சீ யாசோ என்ற நிரலாளர் வெளியிட்டது. எகிப்தில் இறந்தவரின் இதயத்தை நிறுக்கும் தெய்வத்தின் பெயர். வரும் ஒவ்வோர் உலாவியும் ஒரு சிறு கணக்கைச் செய்துகாட்டிய பின்பே உள்ளே விடும். ஒருவருக்கு அது நொடிப்பொழுது. இலட்சம் பக்கம் எடுப்பவருக்குப் பெருஞ்செலவு. க்னோம் மென்பொருள் திட்டத்தில் அதை வைத்தபோது இரண்டரை மணி நேரத்தில் வந்த ஏறத்தாழ 81,000 கோரிக்கைகளில் 3 சதவீதம் மட்டுமே கணக்கைச் செய்து கடந்தன. பயனுள்ள நிரல், ஐயமில்லை.

எனினும் நம் வாசகர்களை எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைகள் கழித்துக்கொடுத்த பழைய தொலைபேசியில் வாசிக்கும் முதியவர்கள் நமக்கு அதிகம். அந்தக் கருவியில் அந்தக் கணக்கு நீண்ட காத்திருப்பாக மாறும். பார்வையற்ற ஓர் ஆசிரியர் திரைவாசிப்பான் வழியாக நம் தேவாரப் பக்கங்களைக் கேட்கிறார். பக்கத்துக்கு முன்னால் விளங்காத ஓர் இடைத்திரை வந்தால் அவர் திரும்பிவிடக் கூடும். ஆகவே தேடல் பக்கத்துக்கு மட்டும் அதை வைப்போம், ஆவணப் பக்கங்களுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

2026 ஜனவரி 4

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகர் நெடுங்கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம்: "தமிழில் இணைய எழுத்தே குறைவு, கிழக்கின் எழுத்து அதனினும் குறைவு. இயந்திரங்கள் நம்மைக் கற்கட்டுமே, ஏன் மறிக்கிறீர்கள்? மறித்தால் அவை நம்மைப் பற்றித் தவறாகவே சொல்லும்."

இந்தக் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கன்னியாவில் ஏழு கிணறுகள் என்பதையும், கோட்டைக்குள்ளே கோயில் வாசலில் மான்கள் திரிவதையும் நம் எழுத்திலிருந்து அறிவது, எவரோ எங்கிருந்தோ எழுதியதிலிருந்து அறிவதைவிட மேல். நான் தடுக்க விரும்புவது கற்பதை அல்ல. ஒரே பட்டியலை இலட்சம் தடவை கேட்டு, வெள்ளத்தில் தவிப்பவரின் வழியை அடைக்கும் முறையைத்தான்.

ஆயினும் நம்மிடம் இருப்பவை எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. தட்சிண கைலாச புராணமும் கோணேசர் கல்வெட்டும் எல்லோருக்கும் உரியவை. திருக்கடலூரில் ஒரு தாய் தந்த மகனின் கடிதங்களோ, பாலையூற்றுக் குடும்பமொன்றின் திருமணப் படங்களோ அப்படியல்ல. ஊரவர் பார்க்கட்டும் என்று நம்பித் தந்தவை அவை. இயந்திரத்துக்குக் கொடுக்கலாமா என்று அன்று நாமும் கேட்கவில்லை, அவர்களும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆகவே இப்படிச் செய்கிறோம். பழைய நூல்கள், பாடல்கள், பொது ஆவணங்கள் ஆகியவற்றை எழுத்து வடிவில், அளவு சுருக்கிய ஒரே கோப்பாக்கி, எவரும் ஒரே தடவையில் எடுத்துச் செல்லும்படி வைக்கிறோம். விக்கிப்பீடியாவும் தன் முழு உள்ளடக்கத்தை அவ்வாறு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறது. அப்படியிருந்தும் தானியங்கிகள் பக்கம் பக்கமாக வருவதை நான் அறிவேன். கேட்காமல் வருபவர் கோப்பைப் பார்க்கமாட்டார். பார்ப்பவர் சிலராவது இருந்தால் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். குடும்பங்கள் தந்தவை அந்தக் கோப்பில் இல்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொல்வதன்படி நடப்போம்.

2026 ஜனவரி 18

முகப்பின் அடியிலிருந்த "இப்போது பார்வையிடும் விருந்தினர்" என்ற வரியை இன்று எடுத்துவிட்டேன். உவர்மலைத் தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு. பத்தாக இருந்தாலும் அந்த எண் தமக்குத் துணையாக இருந்தது என்றார். அவருக்காக வேறொன்றை வைத்திருக்கிறேன்: மாதந்தோறும் வாசகர்கள் அனுப்பிய திருத்தங்களும், படங்களில் அடையாளம் கண்டு சொன்ன ஊர்களும் ஒரு பட்டியலாக வரும். டிசம்பர்ப் பட்டியல் ஏற்கெனவே நீளமானது, பெரும்பகுதி 1964 சூறாவளிப் பக்கத்துக்கு வந்த திருத்தங்கள்.

வேகக் கட்டுப்பாடு இப்போது தளர்வாகவே இருக்கிறது. எவருக்கேனும், கோரிக்கைகள் அளவு மீறின என்ற 429 எண்ணோடு பக்கம் மறுக்கப்பட்டால், நேரத்தையும் எந்த இணைப்பில் இருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியில் வருபவர்களும், விபிஎன் வைத்திருப்பவர்களும், சிங்கப்பூரில் இருப்பவர்களும் கட்டாயம் எழுதுங்கள். அந்த மூன்று இடத்திலும் வரம்பு சரியா என்று எனக்கு இன்னும் நிறைவு இல்லை.